மறு: ஷோல்டர் சீசன் – ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சுற்றுலாக் கையேட்டுக்காக 'ஷோல்டர் சீசன்', அதாவது உச்சப் பருவத்தை ஒட்டி முன்னும் பின்னும் வருகிற காலம், இதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிற இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். நேரடி மொழிபெயர்ப்பான 'தோள்பருவம்' வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒத்துப்போய்விட்டோம், நல்லது. இப்போது பலரும் 'இடைப்பருவம்' பக்கம் சாய்கிறீர்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சின்னக் காரணம் ஒன்று: இடைப்பருவத் தேர்வு எழுதியே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வேறொன்றைக் குறிக்கிறது. பெரிய காரணம், நாம் ஒற்றைப் பெயர் தேடுகிற இடத்தில் இரண்டு வேறு காலங்கள் இருக்கின்றன: கூட்டம் குறைந்தாலும் எல்லாம் ஓடுகிற காலம் ஒன்று, பெரும்பகுதி மூடிவிடுகிற காலம் இன்னொன்று. அவற்றை ஒரே பெயரில் கட்டினால் கையேட்டை நம்பிப் போகிறவர் ஏமாந்து நிற்பார்.

பிரான்சில் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஷமோனியை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியிலிருந்து பிரான்சில் உள்ள உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் 'அப்படியே பனிமலையும் பார்த்துவிட்டு வருகிறோம்' என்று என்னிடம் அதிகம் கேட்கிற ஊர் அதுதான். மோன்பிளான் சிகரத்தின் அடிவாரத்தில் 1,035 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, 1924இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்ததும் அங்கேதான். பனிச்சறுக்குப் பருவம் பொதுவாக டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவரை. கோடைப் பருவம் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. இந்த இரண்டுக்கும் நடுவே ஊர் வெறுமனே கூட்டம் குறைந்து கிடப்பதில்லை, பெரும்பகுதி மூடியே விடுகிறது. பல ரோப்கார்கள் நிற்கும், பாதி உணவகங்களில் ஆள் இருக்காது, ஓட்டல்காரர்களும் அப்போதுதான் விடுமுறை எடுப்பார்கள். 3,842 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடுகிற எகுயீ து மிதி ரோப்காரையே நவம்பரில் பல வாரம் நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்க்கிறார்கள்.

'ஆஃப் சீசன் என்றே வைத்துக்கொள்வோமே, எல்லாருக்கும் புரியும்' என்று கடலூரிலிருந்து ஐயா ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. நமக்குத் தெரிந்த சீசன் குற்றாலமும் ஊட்டியும். ஊட்டியில் ஏப்ரல், மே போனால் கூட்டம், ஜூலையில் போனால் மழை, அவ்வளவுதான். தாவரவியல் பூங்கா திறந்திருக்கும், படகு ஓடும், அறை வாடகை இறங்கியிருக்கும். அதனால் ஆஃப் சீசன் என்றாலே மலிவு என்றுதான் நம் காதில் விழுகிறது. லாஸ்பேட்டைக் குடும்பம் ஒன்றை, பெயர் வேண்டாம், ஒரு டிராவல்ஸில் 'ஆஃப் சீசன் சார், ரூம் பாதி ரேட்டு' என்று சொல்லி தீபாவளி லீவில் ஷமோனிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் காட்டிய போட்டோ இன்னும் கண்ணில் நிற்கிறது. டிக்கெட் கவுண்டரில் ஷட்டர் இறங்கியிருக்கிறது, அதன்மேல் பிரெஞ்சில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு பையன் முன்னால் நிற்கிறான். விசா, விமான டிக்கெட் என்று அவ்வளவு செலவு செய்து போனவர்களுக்கு அந்த ஷட்டரைத்தான் காட்டினோம். இதைச் சொல்லாத கலைச்சொல் எதற்கு?

இன்னொரு விஷயம், இழையில் யாரும் தொடவில்லை. நம் வீட்டு விடுமுறைகளில் பெரியவை ஷமோனிக்காரர்கள் மூடுகிற காலத்தில்தான் போய் விழுகின்றன. மே மாதப் பள்ளி லீவு வசந்த இடைவெளியில், தீபாவளி லீவு இலையுதிர்கால இடைவெளியில். அரைப்பரீட்சை லீவில் போகலாம் என்றால் அது கிறிஸ்துமஸ், புத்தாண்டு நெரிசல், வாடகை உச்சத்தில் இருக்கும். ஆகவே தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாடு பிரெஞ்சுக்காரரைவிட அதிகம் தேவைப்படுகிறது. பிரெஞ்சுக்காரர் இந்த இடைவெளிக்கு 'ஆந்த்தெர்செசோன்' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார். ஜெர்மன்காரர் பருவத்தின் முன்பகுதிக்கு ஒன்று, பின்பகுதிக்கு ஒன்று என்றும் வைத்திருக்கிறார்.

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன்.

பருவத்தின் இரு ஓரங்கள், அதாவது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தும் கூட்டமும் விலையும் குறைவாக இருக்கிற வாரங்கள், இவற்றுக்கு 'முன்பட்டம்', 'பின்பட்டம்'. காட்டுமன்னார்கோயில் பக்கம் யாரைக் கேட்டாலும் முன்பட்டக் குறுவை, பின்பட்டக் குறுவை என்று பேசுவார்கள். ஒரே பருவத்தில் முந்தி இறங்குவது, பிந்தி இறங்குவது. நமக்கு வேண்டிய பொருள் இதேதான். 'முன்பருவம்' என்று போடலாமே என்று கேட்பீர்கள், அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்வி என்று ஏற்கெனவே புழங்குகிறது. இளவேனில், முதுவேனில் மாதிரி 'இளம்பருவம்' என்று போனால் அது வாலிபத்துக்குப் போய்விடும். பட்டம் என்றால் பள்ளிப் பிள்ளைக்குக் காற்றாடி, கல்லூரிக்காரருக்கு டிகிரி என்பது உண்மை, ஆனால் முன், பின் ஒட்டிய பிறகு அந்தக் குழப்பம் வராது. பட்டம் என்ற சொல்லுக்குள்ளேயே 'ஏற்ற காலம்' என்பது இருக்கிறது, ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோமே.

மூடிக் கிடக்கிற காலத்துக்கு 'மூடுகாலம்'. மூடுபனி போல வினைத்தொகை, கேட்ட உடனே பொருள் தெரியும். 'சந்திப்பருவம்' அழகான சொல், எழுதிய அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் சந்தி என்றால் இரண்டு சேர வேண்டும், இங்கே இரண்டு பருவமும் சேரவில்லை, நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறது. கருத்து பிடிபடாதவர்களுக்கு மீன்பிடித் தடைக்காலத்தைச் சொல்லுங்கள். புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலும் கடலூர் முதுநகரிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், எஞ்சின் பிரிப்பார்கள், வலை பின்னுவார்கள், அப்போது வஞ்சிரம் வாங்க வந்தேன் என்றால் முடியுமா? ஷமோனியின் வசந்த மூடுகாலமும் கிட்டத்தட்ட இதே தேதிகள்தான்.

பயன்படுத்திப் பார்ப்போம்: "ஷமோனிக்குக் கோடையின் பின்பட்டத்தில், செப்டம்பர் முதல் பாதியில் போவது நல்லது. ஆகஸ்ட் நெரிசல் வடிந்திருக்கும், உயரப் பாதைகளில் பழைய பனி கரைந்திருக்கும், மலைக்குடில்கள் இன்னும் திறந்திருக்கும். ஜூன் பிற்பாதி முன்பட்டம். பூக்கள் அப்போதுதான், ஆனால் 2,500 மீட்டர் வாக்கிலுள்ள கணவாய்களில் பனி கிடக்கலாம். நவம்பர் மூடுகாலம், தவிர்க்கவும்." இந்த நான்கு வரியில் ஷோல்டர் சீசன் என்று ஒரே சொல்லைப் போட்டுப் பாருங்கள், சொல்ல வந்ததே கலைந்துவிடும்.

ஜனவரி நடுவில் புத்தாண்டுக் கூட்டம் போய், பிப்ரவரி பள்ளி விடுமுறைக் கூட்டம் இன்னும் வராத வாரங்களுக்குச் சொல் வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தனிச்சொல் தேவையில்லை, 'தளர்வு' போதும்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். மூடுகாலம் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. மே மாதத்தில் சறுக்குத் தடங்கள் மூடியிருக்கும், எகுயீ து மிதி ஓடிக்கொண்டிருக்கும். சுவிட்சர்லாந்தின் மலை ஊரான செர்மாட்டிலோ மே, நவம்பரில் பல ஓட்டல்கள் பூட்டியிருந்தாலும், 3,089 மீட்டரில் இருக்கிற கோர்னர்கிராட் முகட்டுக்கு 1898இல் தொடங்கிய ரயில் ஆண்டு முழுக்கப் போகிறது. ஆகவே வரையறையில் 'பெரும்பாலான வசதிகள் நிற்கும் காலம்' என்று எழுதலாமா, அல்லது 'பகுதி மூடுகாலம்' என்று ஓர் உட்பிரிவு வைக்கலாமா? எனக்கு முதலாவது போதும் என்று படுகிறது. ஓட்டல், ரோப்கார் விவரம் தெரிந்தவர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.