மூடிப்போன ஜியோசிட்டீஸ் பக்கத்தை இனிப் பார்க்க முடியுமா?

கரூர் மல்லிகா: 2002 வாக்கில் என் தம்பி, இலவசமாக வலைப்பக்கம் போட இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளத்தில் எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரு பக்கம் போட்டிருந்தான். முகவரி டைரியில் இருக்கிறது, தட்டினால் ஒன்றும் வரவில்லை. எங்காவது மிச்சம் இருக்குமா?

பழைய மோடம்: அதை யாஹூ 2009 அக்டோபரிலேயே மூடிவிட்டது அக்கா. ஆனால் வேபேக் மெஷின் இருக்கிறதே! இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 1996 முதல் வலைப்பக்கங்களைப் படியெடுத்து வைக்கிறது, அவற்றைத் தேடிப் பார்க்கும் தளம்தான் இது, காசு கிடையாது. டைரியில் உள்ள முகவரியை அங்கே எழுத்துப் பிசகாமல் போடுங்கள். காலண்டரில் வட்டமிட்ட தேதியைச் சொடுக்கினால் அன்றைய பக்கம் திறக்கும். படங்கள் பாதி வராது, அதற்கு மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கரூர் மல்லிகா: கிடைத்துவிட்டது தம்பி! கோபுரப் படம்கூட இருக்கிறது. எழுத்துதான் ஒன்றும் புரியவில்லை, கொம்பும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்தாக ஓடுகிறது.

சுப்பு: பயப்படாதீங்க, அநேகமாக டிஸ்கி, அதாவது கணினியில் தமிழ் எழுதப் பயன்பட்ட பழைய குறியீட்டு முறை. இப்போது எல்லாரும் பயன்படுத்தும் யூனிகோடு முறை பரவுவதற்கு முன் அப்படித்தான். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களே டிஸ்கியில் வந்தவைதான். நகலெடுத்து பழைய எழுத்தை யூனிகோடாக்கும் ஒரு எழுத்துரு மாற்றியில் ஒட்டி, டிஸ்கியைத் தேர்ந்தெடுங்கள். சரிவராவிட்டால் அப்புறம் டாப் என்ற இன்னொரு பழைய முறையைத் தேர்ந்தெடுங்கள். கொம்பில்லாத வெறும் ஆங்கில எழுத்தாக இருந்தால்தான் பாமினி என்ற பழைய எழுத்துரு.