கிளப் ஹாக்கின்னா மட்டமா?

நீலக்கோடு: "என்சிஏஏ-தான் காலேஜ் ஹாக்கி, கிளப்ங்கிறது சும்மா பொழுதுபோக்கு"ன்னு போன திரியில குமார் அண்ணன் எழுதியிருந்தார். என்சிஏஏ-ங்கிறது அமெரிக்கக் காலேஜ்களோட அதிகாரப்பூர்வ விளையாட்டு அமைப்பு; கிளப் டீம்னா அதுக்கு வெளியே, பெரும்பாலும் பசங்க சொந்தச் செலவுல ஆடறது. நாலு வருஷம் ஏசிஹெச்ஏ-ல, அதாவது காலேஜ் கிளப் ஹாக்கிச் சங்கத்துல, மேல்மட்டமான டிவிஷன் 1 கிளப்ல ஐஸ் ஹாக்கி ஆடினவன் நான். டீம்ல பாதிப் பேர் ஜூனியர் லீக் (காலேஜுக்கு முந்தின இளைஞர் லீக்) முடிச்சு 20 வயசுல வந்தவங்க. அரிசோனா ஸ்டேட் 2014-ல கிளப் சாம்பியன். 2015-ல என்சிஏஏ-க்கு மாறி, 2019-ல தேசியத் தொடருக்கே போயிடுச்சு. மட்டமான இடத்துலேர்ந்து இப்படி வர முடியுமா?

டிஃபென்ஸ் குமார்: பென் ஸ்டேட்டை ஏன் விட்டுட்டீங்க தம்பி? ஏழு தடவை கிளப் சாம்பியன். 2010-ல அங்கே படிச்ச தொழிலதிபர் டெர்ரி பெகுலா 8.8 கோடி டாலர் கொடுத்தார், புது அரங்கம் வந்துச்சு. அப்படியும் என்சிஏஏ டிவிஷன் 1-க்கு மாறின பிறகு 2013-14-ல 36 ஆட்டத்துல ஜெயிச்சது 8. 2025-ல ஃப்ரோசன் ஃபோர் (என்சிஏஏ தேசியத் தொடரோட அரையிறுதி) போனது, வருஷக்கணக்கா ஆள் தேடி, ஸ்காலர்ஷிப் கொடுத்துச் சேர்த்த டீம். அரிசோனா கதையும் அதேதான்.

நான் கிளப்ல டிஃபென்ஸ் ஆடினவன். ஐஸைச் சுத்தியிருக்கிற சுவரான போர்டை ஒட்டி வர்ற பக்கை (ரப்பர் வட்டு) எடுக்கத் திரும்பினா, கிளப் மேட்ச்ல ஒரு தடவை தோளுக்குப் பின்னாடி பார்த்துக்கலாம். ஒரு கோடையில என்சிஏஏ டிவிஷன் 1 பசங்களோட ஆடினேன். ஸ்டிக் பக்கைத் தொடுறதுக்குள்ள முதுகுல இடி. அதுவும் அவங்க நாலாவது லைன் ஆளு (லைன்னா மாத்தி மாத்தி இறங்கற மூணு பேர் செட்; நாலாவதுதான் கடைசி).

நீலக்கோடு: டிவிஷன் 1-க்குச் சமம்னு நான் சொல்லவே இல்லையே. என்சிஏஏ-லயே கீழ்மட்டமான டிவிஷன் 3-ஓட வச்சுப் பாருங்க. அங்கேயும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. நல்ல கிளப்போட முதல் ரெண்டு லைன் அங்கே தாராளமா ஆடும். டேனியல் வால்காட் லிண்டன்வுட் கிளப்ல ஆடினவர்தானே? 2014-ல தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்-ல நியூயார்க் ரேஞ்சர்ஸ் டீம் அவரை டிராஃப்ட் பண்ணலையா, அதாவது இளம் வீரர் தேர்வுல எடுக்கலையா?

டிஃபென்ஸ் குமார்: ஒரே சீசன் ஆடிட்டு கியூபெக் மேஜர் ஜூனியருக்கு (கனடாவோட மேல்மட்ட இளைஞர் லீக்ல ஒண்ணு) போனார். டிராஃப்ட் ஆனது அங்கேயிருந்து. முதல் ரெண்டு லைன் விஷயத்தை ஒத்துக்கறேன். மூணாவது லைன் இறங்கினதும் ஆட்டம் தொங்கிடுது, நீங்களே பார்த்திருப்பீங்க.

மிச்சிகன் அம்மா: என் பையன் கிளப்ல ஆடறான். பயிற்சி ராத்திரி 10:45-க்கு, மத்தவங்க எல்லாம் முடிச்ச பிறகுதான் ஐஸ் கிடைக்குது. கட்டணம் எங்க கையிலேர்ந்து. போன மாசம் தோள் இறங்கினப்போ பக்கத்துல ட்ரெய்னர் இல்ல, டீம் பையன் ஒருத்தன்தான் காரை ஓட்டிட்டுப் போனான். காலையில 8 மணிக்கு அவனுக்கு லேப். இதையும் சேர்த்துத் தரத்தை அளங்க.

நீலக்கோடு: அதேதான் அம்மா, குறை பசங்ககிட்ட இல்ல. இனிமே பாருங்க, 2025 சீசன்லேர்ந்து கனடா மேஜர் ஜூனியர் ஆளுங்களையும் என்சிஏஏ சேர்த்துக்குது. டிவிஷன் 1-ல இடம் போனவன் டிவிஷன் 3-க்கு வருவான், அங்கே இடம் போனவன் எங்ககிட்ட வருவான். மூணாவது லைனும் நிமிரும்.

டிஃபென்ஸ் குமார்: ஆள் வருவான், சரி. கோச்?

மிச்சிகன் அம்மா: வர்றவனுக்கும் அதே 10:45 ஐஸ்தானே தம்பி?