எச்.பி.வி. தடுப்பூசி: இத்தனை பக்கவிளைவுப் புகார்களா?

மழைத்துளி
மகளுக்குப் பன்னிரண்டு வயது; அடுத்த வாரம் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி. தடுப்பூசிப் பக்கவிளைவுப் புகார்களைப் பதியும் அமெரிக்காவின் வேர்ஸ் தளத்தில் ஆயிரக்கணக்கான புகார்கள், மரணங்கள்கூடப் பதிவாகியிருப்பதாக நாத்தனார் காட்டினார். மனம் ஒரு நிலையில் இல்லை. அவையெல்லாம் பொய்யா? உண்மையென்றால் ஏன் இன்னும் போடுகிறார்கள்?

செவிலி
பொய்யல்ல, சகோதரி. ஊசிக்குப் பிறகு நேர்ந்த எதையும் யாரும் அங்கே பதியலாம். ஊசிதான் காரணம் என்று காட்டத் தேவையில்லை. எதுவும் கண்ணுக்குத் தப்பிவிடக் கூடாது என்றே 1990இல் அதை அப்படி அமைத்தார்கள். ஊசி போடாத பெண்களுக்கும் அதே நோய் அதே அளவில் வருகிறதா என்று பார்த்தால்தான் காரணம் தெரியும். டென்மார்க்கிலும் சுவீடனிலும் ஏறத்தாழ பத்து லட்சம் சிறுமிகளின் மருத்துவப் பதிவேடுகளை அப்படி ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள். தன்னெதிர்ப்பு நோய் (உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்குவது), நரம்பு நோய், ரத்த உறைவு எதற்கும் ஊசியைக் காரணமாக்கும் சான்று கிடைக்கவில்லை.

தடுப்பூசி அறையில் நான் அஞ்சுவது மயக்கத்துக்குத்தான். இந்த வயதில் ஊசிப் பயத்திலேயே சிலர் சரிந்துவிடுவார்கள், தலையில் அடிபடும். அதனால் 15 நிமிடம் எழுந்திருக்க விடமாட்டேன். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சம் டோஸுக்குச் சுமார் 1.7 என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2017இல் கணக்கிட்டது. அதற்கான மருந்தும் அறையில் தயாராக இருக்கும். கைவலி, வீக்கம், லேசான காய்ச்சல் பலருக்கும் வரும், ஓரிரு நாளில் போய்விடும்.

பனைமரம்
அப்படியானால் ஜப்பான் ஏன் நிறுத்தியது?

செவிலி
நிறுத்தவில்லை, ஊசிக்குப் பிறகு வலி என்று சில சிறுமிகள் சொன்னதால் 2013 ஜூனில் அரசு பரிந்துரைப்பதை மட்டும் விலக்கிக்கொண்டது. சுமார் 70 சதவீதம் பேர் போட்டுவந்த ஊசி ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. நகோயா நகரில் ஏறத்தாழ 30,000 இளம்பெண்களிடம் 24 அறிகுறிகளைக் கேட்டறிந்தார்கள். போட்டவர்களிடம் அவை கூடுதலாக இல்லை. அந்தச் சிறுமிகளின் வலி உண்மையானது, அவர்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. ஆனால் பரிந்துரை திரும்ப 2022 ஏப்ரல் ஆயிற்று. இடையில் பாதுகாப்பின்றி வளர்ந்த பெண்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

மழைத்துளி
நன்றி, அக்கா. ரத்தம் எடுத்தபோது ஒருமுறை மயங்கியிருக்கிறாள். படுக்கவைத்துப் போடச் சொல்லலாமா?

செவிலி
கட்டாயம் சொல்லுங்கள், உள்ளே நுழைந்ததுமே. ஈஸ்ட் ஒவ்வாமை இருந்தால் அதையும். பிறகு வழக்கத்துக்கு மாறாக எது தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டி, புகாராகப் பதியச் சொல்லுங்கள்.