டேபிள்டாப் ஆர்பிஜியில (மேசையைச் சுத்தி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டரா நடிச்சு, டைஸ் உருட்டி ஆடற கதை ஆட்டம்) ரெண்டு கேரக்டருக்கு நடுவுல நடந்து, இன்னும் மனசுல கிடக்கற ஒரு சீன் சொல்லுங்க

பழைய பாலடின்:
என் பாலடினும் (சபதம் எடுத்த வீரன்) ஒரு தோழியோட ரோகும் (திருட்டுக் கை தேர்ந்தவ) அண்ணன் தங்கச்சி. செஷன் ஜீரோலயே (ஆட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கூடிப் பேசறது) பக்கம் பக்கமா பேக்ஸ்டோரி எழுதியாச்சு. ஆட ஆரம்பிச்சப்புறம் எல்லாம் காகிதத்துலயே கிடந்துச்சு. கதவு, பொறி, சண்டை, லூட், மறுபடி சண்டை. ஒரு லாங் ரெஸ்ட்ல, அதாவது கேரக்டருங்க ராத்தங்கறப்ப, காவலுக்கு யாருன்னு டிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்) கேட்டார், நாங்க ரெண்டு பேரும் கை தூக்கினோம். வழக்கமா பெர்செப்ஷனுக்கு (ஏதாவது கண்ணுல படுதான்னு பார்க்க) டைஸ் உருட்டினா விடிஞ்சிடும். அன்னைக்கு அவ திடீர்னு ரோகோட குரல்ல, "அண்ணா, அம்மாவைப் பொதைச்ச அன்னைக்கு நீ ஏன் வரல?"ன்னு கேட்டா. நாங்க எழுதினதுல அப்படி ஒரு வரியே கிடையாது. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள டிஎம்மோட திரைக்குப் பின்னாடி டைஸ் உருண்டுச்சு. "புதர்ல ஏதோ அசையுது, இனிஷியேட்டிவ் போடுங்க." சண்டையில யார் முதல்லன்னு பார்க்கற உருட்டல் அது. ஓநாய்ங்க! அதுங்க செத்ததும் செஷன் முடிஞ்சுது, அடுத்த வாரம் கதை வேற ஊருக்குப் போயிடுச்சு. அந்தக் கேள்விக்கு என் பாலடின் பதிலே சொல்லல.

திரைக்குப் பின்னால்:
டிஎம்மைத் திட்டறதுக்கு முன்னாடி மத்தவங்க முகத்தைப் பார்த்தீங்களா? நான் டிஎம்மா நடத்தின கேம்பைன்ல (பல செஷன் தொடர்ற கதை) வார்லாக்குக்கும் (மந்திரவாதி) பார்டுக்கும் (பாட்டுக்காரர்) காதல். எங்க போய்த் தங்கினாலும் ரெண்டு பேரும் ஒரு மூலையில உட்கார்ந்து பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாங்க. மத்தவங்க டைஸை அடுக்கிக் கோபுரம் கட்டிட்டிருப்பாங்க. ஒருநாள் கிளெரிக் (பூசாரி கேரக்டர்) எழுந்து போய், கேரக்டர்லயே, அவங்க மேசையில உட்கார்ந்துட்டான். "உங்க கல்யாணத்தை நான்தானே நடத்தி வைக்கணும்? எனக்கு ரெண்டு கேள்வி இருக்கு." அதுக்கப்புறம்தான் அது பார்ட்டியோட, அதாவது மொத்தக் குழுவோட, கதை ஆச்சு. காவல் நேரத்துலயும் மூணாவது ஆளை எழுப்பி விட்டிருக்கலாம். ஓநாய் தேவையில்லை, அதை ஒத்துக்கறேன்.

ஆறுபக்கம்:
ஃபியாஸ்கோன்னு ஒரு ஆர்பிஜி ஆடினப்ப எனக்கும் வலப்பக்கம் இருந்தவருக்கும் நடுவுல "பிரிஞ்சுபோன கணவன் மனைவி"ன்னு எழுதின அட்டை. ஆட்டம் முழுக்க என் கண்ணு அதுமேலயேதான். என் அனுபவம் அவ்வளவுதான்.

இப்ப பழைய பாலடினுக்கு ஒரு யோசனை. டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) 5ஆம் பதிப்போட (2014) கேரக்டர் தாள்ல 'பாண்ட்'னு (பிணைப்பு) ஒரு கட்டம் இருக்கில்ல, அதுல முக்கால்வாசிப் பேர் செத்துப்போன குருவையோ எரிஞ்சுபோன கிராமத்தையோ எழுதுவாங்க. மேசையில உட்கார்ந்திருக்கற ஆளை எழுத மாட்டாங்க. டன்ஜன் வேர்ல்ட்னு இன்னொரு ஆட்டத்துல 'பாண்ட்' வரிகள்ல காலியிடம் விட்டிருக்கும், அந்த இடத்துல, நம்மகூட ஆடறவங்களோட கேரக்டர் பேரைத்தான் நிரப்பணும். செஷன் முடிவுல அந்த வரி தீர்ந்துடுச்சுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கிடைக்கும், புது வரி எழுதலாம். அதனால உறவை அப்படியே ஊற வைக்காம நகர்த்தப் பார்ப்பாங்க. ஹில்ஃபோக்னு ஒரு ஆட்டம் இன்னும் ஒரு படி மேல. ஒருத்தர் மனசளவுல எதையோ கேட்டு வருவார், இன்னொருத்தர் கொடுக்கலாம், மறுக்கலாம். மறுத்தா கேட்டவருக்கு டோக்கன், கொடுத்தா கொடுத்தவருக்கு டோக்கன். யாரும் வெறுங்கையோட எழுந்திருக்க மாட்டாங்க. உங்க தங்கச்சி கேட்டது அச்சு அசல் ஹில்ஃபோக் கேள்வி. அடுத்த செஷன்ல நீங்களே காவலுக்கு நின்னு, "அன்னைக்கு ஏதோ கேட்டியே"ன்னு ஆரம்பிங்க. டிஎம்கிட்ட முன்கூட்டியே பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கங்க. அப்புறம்...

பழைய பாலடின்:
யோசனை யாருங்க கேட்டா? அந்தக் கேம்பைன் பாதியிலயே நின்னுபோச்சு.

பாதிராத்திரி பார்டு:
எனக்கு நேர் எதிர். எங்க ஃபைட்டர் என் கேரக்டரை ஏற்கனவே ஒருதடவை காட்டிக் கொடுத்தவன். திரும்பி வந்து மன்னிப்பு கேட்டான். நல்லாத்தான் பேசினான், எனக்கே மனசு இளகிடுச்சு. அப்ப பார்த்து இருபது பக்க டைஸை எடுத்து பெர்சுவேஷனுக்கு (பேசி இணங்க வைக்க) உருட்டினான். 19. "இப்ப நீ என்னை நம்பித்தான் ஆகணும்"னு ஒரு சிரிப்பு வேற. நம்ப இருந்தவ நான், அந்த நொடியில "மாட்டேன்"னுட்டேன். கடைசி வரைக்கும் எங்க ரெண்டு கேரக்டரும் பேசிக்கல.

ஆறுபக்கம், இவ்வளவு எழுதினீங்களே, அபோகலிப்ஸ் வேர்ல்டுங்கற ஆட்டத்தை விட்டுட்டீங்க. அதுல இன்னொரு வீரரோட கேரக்டர்மேல இப்படி உருட்டினாலும், ஒத்துக்கிட்டா எக்ஸ்பி, மறுத்தா ஆபத்துன்னு ரெண்டு பக்கமும் ஏதாவது வைப்பாங்களே தவிர, முடிவு நம்ம கையிலதான். அந்த ஃபைட்டர்கிட்ட இதைச் சொன்னேன். "அப்ப எதுக்கு 19 விழணும்?"னு கேட்கறான்.