புதுப்பிப்பு: டர்போ தாமதமும் எண்ணெய் எரிதலும்

பெரிய டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) பொருத்திய என் 1.6 லிட்டர் பெட்ரோல் காரில் அழுத்தம் தாமதமாக எழுகிறது, சிக்னலில் நின்று புறப்பட்டால் நீலப் புகை வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பிஸ்டன் ரிங் (எண்ணெய் மேலேறி எரியாமல் தடுக்கும் வளையம்) தேய்ந்திருக்கும், எஞ்சினைப் பிரித்துவிடுங்கள் என்பதே பலரின் கருத்தாக இருந்தது.

பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் சோதனையும் சிலிண்டர் கசிவுச் சோதனையும் செய்ததில் நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின; அதனால் ரிங் மீதான சந்தேகம் குறைந்தது. வால்வு சீல் கெட்டாலும் இதே போன்ற புகை வரும் என்றாலும், ஸ்பார்க் பிளக்குகள் எண்ணெய் படாமல் உலர்ந்தும், டர்பைனுக்கு (டர்போவில் புகை சுழற்றும் சக்கரம்) பின்னுள்ள புகைக்குழாய் எண்ணெய் ஈரத்துடனும் இருந்ததால் சந்தேகம் டர்போவின் பக்கம் திரும்பியது. டர்போவுக்குள் எண்ணெய் பம்பின் அழுத்தத்தால் நுழைந்தாலும், திரும்பும்போது தன் எடையால் மட்டுமே சம்புக்கு (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) இறங்குகிறது என்பதால், வடிகுழாய் சற்றே குறுகினாலும் அது டர்போவின் தண்டைத் தாங்கும் பேரிங் கூட்டில் தேங்கிச் சீலைத் தாண்டிவிடும். இங்கே அந்த ரப்பர் குழாய் எஞ்சின் மவுண்டுக்கு அருகே மடங்கிக் கிடந்தது. நேராக இறங்கும் அகலமான குழாயை இட்டபின் புகை நின்றது. டர்போ தண்டின் ஆட்டம் வரம்புக்குள் இருந்ததால் டர்போவை மாற்றவில்லை. அந்தச் செலவு மிச்சம்.

தாமதத்தின் ஒரு பகுதி இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ஹோஸில் இருந்த கசிவு. எண்ணெய்ப் படிவால் ஹோஸ் கிளாம்பிலிருந்து நழுவியிருந்ததை, குழாய்களுக்குள் புகையைச் செலுத்திக் கசிவைத் தேடும் புகைச் சோதனை காட்டியது. எஞ்சிய தாமதம் பெரிய டர்பைனின் இயல்பு. டர்பைனைச் சுற்றியுள்ள கூடான ஹவுசிங்கைச் சிறியதாக இட்டால் அழுத்தம் சீக்கிரம் எழும், ஆனால் உயர் சுழற்சியில் பின்னழுத்தம் கூடி ஆற்றல் குறையும் என்பதால் இப்படியே ஓட்டுவதாக முடிவு செய்துள்ளேன்.