டபிள்யூபிஏ கட்டிய சிற்றூர்க் கட்டடங்கள்: பணம் வீண்தானா?

கணக்குப்பிள்ளை:
1930களின் அமெரிக்கப் பெருமந்தம் பற்றிப் பேச்சு எழுந்தாலே, "அன்றைக்கு அரசு கட்டிக்கொடுத்தது இன்றும் கல்லுக்கல்லாக நிற்கிறது" என்று யாராவது ஒரு படத்தோடு வந்துவிடுகிறார்கள். கட்டடம் விழாமல் நிற்பதால் அதைக் கட்டியது சரி என்று ஆகிவிடாது. அதைப் பேசத்தான் இந்த இழை.

1935 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் டபிள்யூபிஏ என்ற நிவாரண வேலை அமைப்பைத் தொடங்கினார். ஹாரி ஹாப்கின்ஸ் அதன் தலைவர். 1943இல் மூடும்வரை சுமார் 85 லட்சம் பேர் அதில் வேலை பார்த்தார்கள். செலவு 1,000 கோடி டாலருக்கு மேல். பலன் என்ன? 1933இல் 25 சதவீதமாக இருந்த வேலையின்மை 1938இலும் 19 சதவீதம். சின்ன ஊர்களுக்கு வேண்டியிருந்தது நிலையான பிழைப்பு. கிடைத்தது ஒரு மண்டபம், ஒரு பூங்கா, ஒரு நீச்சல் குளம். பத்துப் பேர் வேலையை முப்பது பேருக்குப் பங்கு போட்டால் முப்பது வீட்டில் உலை கொதிக்கும், சரி. அதனால் ஊரில் தொழில் வளர்ந்துவிடுமா?

செந்தூரன்:
முதலில் அந்த 19ஐப் பார்ப்போம் சார். அது லெபர்காட் என்ற பொருளியலாளரின் கணக்கு. அதில் டபிள்யூபிஏவுக்காகக் கல் உடைத்தவர், சாலை போட்டவர், பள்ளிக்கூடம் கட்டியவர் அத்தனை பேரும் வேலையில்லாதவர்கள் பட்டியலில்தான் வருகிறார்கள். அவர்களை அப்படி எண்ணிவிட்டு, திட்டத்தால் வேலையின்மை குறையவில்லை என்று சொல்வது எப்படி நியாயம்? 1976இல் மைக்கேல் டார்பி என்ற இன்னொரு பொருளியலாளர் அவர்களை வேலையில் இருப்பவர்களாகச் சேர்த்துப் பார்த்தபோது 1938க்கு 12.5 சதவீதம்தான் வந்தது. 1938 நவம்பரில் மட்டும் 33 லட்சம் பேர் டபிள்யூபிஏ சம்பளம் வாங்கினார்கள். அதோடு, 1937இல் அரசு செலவைச் சட்டென்று குறைத்தது. அடுத்த ஆண்டு வேலையின்மை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். அதையும் திட்டத்தின் தலையில் கட்டலாமா?

பத்துப் பேர் வேலை முப்பது பேருக்கு என்றீர்கள். ஆமாம், நோக்கமே அதுதான். நான் இருக்கும் ஓக்லஹோமாவில் சாண்ட்லர் என்று ஒரு சிற்றூர், பழைய 66ஆம் நெடுஞ்சாலை மேல். தேசியக் காவற்படைக்காக அங்கே ஒரு படைக்கொட்டில் கட்டினார்கள், ஆர்மரி என்பார்கள். 1937இல் முடிந்தது. இரும்பையும் செங்கல்லையும் வெளியூரில் வாங்கினால் பணமும் வெளியூருக்குப் போய்விடும். அதனால் பக்கத்தில் கிடைத்த மணற்கல்லை வெட்டி, கையாலேயே கொத்திச் சுவர் எழுப்பினார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கல்லின் முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும், ஒரு கல்லைப் போல் இன்னொன்று இருக்காது. போட்ட பணத்தில் பெரும்பகுதி அந்தக் கல்லைக் கொத்தியவர்களின் கூலியாகப் போனது. அந்தக் கூலி அதே ஊர் மளிகைக் கடையிலும் வீட்டு வாடகையிலும் சேர்ந்தது. மாநிலத்தில் இன்னும் பல ஊர்களில் இதே மாதிரி ஆர்மரிகள் உண்டு. 1940இல் அந்தக் காவற்படையின் 45ஆம் டிவிஷனைப் படைக்கு அழைத்தபோது ஆட்கள் இப்படிப்பட்ட கொட்டில்களிலிருந்துதான் கிளம்பினார்கள். சாண்ட்லர் கட்டடம் பிற்பாடு வெகுகாலம் சும்மா கிடந்தது. 2007இல் அதை 66ஆம் நெடுஞ்சாலை பற்றிய காட்சியகமாக மாற்றிவிட்டார்கள்.

மலர்விழி:
கட்டடத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறோமே. யாரும் படம் எடுத்துப் போடாத ஒன்றைச் சொல்கிறேன்: கழிப்பறை. டபிள்யூபிஏ கிராமப்புறங்களில் 20 லட்சத்துக்கும் அதிகமான சுகாதாரக் கழிப்பறைகளைக் கட்டியது. கீழே சிமென்ட் தளம், மூடி வைத்த இருக்கை, ஈ நுழையாமல் வலையடித்த காற்றுப்போக்கி, மேலே சாய்வான கூரை. பொருளுக்கு வீட்டுக்காரர் பணம் தருவார், ஆள்கூலி அரசுடையது. பத்திரிகைகளில் இதைக் கேலி செய்து தள்ளினார்கள். ஆனால் அன்றைய அமெரிக்கத் தெற்கில் கொக்கிப்புழு சாதாரண நோய். திறந்த வெளியில் மலம் கழித்த மண்ணை வெறுங்காலால் மிதிக்கும் பிள்ளைகளுக்கு அது தொற்றும். ரத்தசோகை வந்து, பள்ளியில் உட்காரக்கூடத் தெம்பில்லாமல் போகும். மூடிபோட்ட ஒரு குழி அந்தச் சங்கிலியை அறுக்கிறது. இதில் கணக்குப்பிள்ளை ஐயா எந்த முதலீட்டாளர் வந்து பணம் போடுவார் என்று எதிர்பார்க்கிறார்?

கிழக்குக் கென்டக்கி மலைப்பகுதியில் பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தகம் சுமந்துபோய் வீடுவீடாகக் கொடுத்ததும் இதே திட்டத்தில்தான். மாதம் 28 டாலர் சம்பளம். சாலை இல்லை, நூலகம் இல்லை. ஓடைப் படுகைதான் பாதை. அதையும் வீண் செலவில் சேர்ப்பீர்களா?

தெற்குவாசல்:
நானும் எதிர்ப்பக்கம்தான், ஆனால் கணக்குப்பிள்ளை சொல்லும் காரணத்துக்காக இல்லை. செலவு செய்ததில் எனக்குக் குறையில்லை, அதை யாருக்குச் செய்தார்கள் என்பதில்தான் குறை.

டபிள்யூபிஏ சம்பளம் எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. வட்டாரம், ஊரின் அளவு, கைத்தொழில் என்று பிரித்துப் போட்டார்கள். தெற்கின் கிராமப்புறத்தில் தொழில் தெரியாத ஆளுக்கு மாதம் 19 டாலரில் ஆரம்பம்; வடக்கே பெருநகரத்தில் படித்த வேலைக்கு 94 டாலர் வரை. பாகுபாடு கூடாது என்று வாஷிங்டனில் ஆணை இருந்தது. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுத்தது உள்ளூர் அலுவலர்கள். பருத்தி எடுக்கும் காலம் வந்ததும் தெற்கில் பல இடங்களில் வேலையை நிறுத்தி ஆட்களை விடுவித்தார்கள். எதற்கு? பண்ணைக்காரர்களுக்கு மலிவாக ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்கு. வயலுக்குப் போகச் சொல்லி முதலில் துரத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். மறுத்தால் நிவாரணமும் போச்சு. பெண்கள் விஷயத்திலும் இப்படித்தான். வீட்டுக்கு ஒருவருக்குத்தான் வேலை என்பதால், வேலை செய்யும் நிலையில் கணவர் இருக்கும் பெண்ணுக்குப் பொதுவாக இடமில்லை. இடம் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் தையல் கூடத்தில்தான்.

மலர்விழி அக்கா கழிப்பறை பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் அதே பணத்தில் கட்டிய நீச்சல் குளங்களில் எத்தனையில் கறுப்பினக் குழந்தைகளை இறங்க விட்டார்கள்? பிற்காலத்தில் எல்லாரையும் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொன்னபோது, குளத்தையே மூடிவிட்ட ஊர்களும் மண் போட்டு நிரப்பிய ஊர்களும் உண்டு.

கணக்குப்பிள்ளை:
தெற்குவாசல் சொன்னதைத்தான் நானும் வேறு வழியில் சொல்ல வருகிறேன். அரசு கையில் வேலை இருந்தால் அது ஓட்டுக்குப் போகும். 1938 தேர்தலில் கென்டக்கியிலும் டென்னசியிலும் டபிள்யூபிஏ ஆட்களை அரசியலுக்குப் பயன்படுத்தினார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அது முற்றித்தான், அரசு ஊழியர்கள் தேர்தல் அரசியலில் இறங்குவதைத் தடுக்கும் ஹாட்ச் சட்டம் 1939இல் வந்தது. தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தாலும், ஏழை மாநிலங்கள் நிறைந்த தெற்கை விட மேற்கு மாநிலங்களுக்கே நியூ டீல் (ரூஸ்வெல்ட்டின் மந்தநிலை மீட்புத் திட்டங்கள்) பணம் அதிகம் போனது. தேவைதான் அளவுகோல் என்றால் இது நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இன்னொன்று, பராமரிப்பு. குளத்தையும் மண்டபத்தையும் கட்டிக்கொடுத்துவிட்டு வாஷிங்டன் போய்விட்டது. கூரை ஒழுகினால், குழாய் வெடித்தால் யார் பணம் போடுவது? இரண்டாயிரம் பேர் உள்ள ஊர் வரி வசூலில் எதைத்தான் பார்க்கும்? செந்தூரன் தம்பி, நீங்கள் காட்டிய ஆர்மரியே வெகுகாலம் சும்மா கிடந்தது என்று நீங்கள்தானே எழுதினீர்கள். ஊர் தன் பணத்தில் கட்டியிருந்தால், தேவையைப் பார்த்து, தாங்கும் அளவுக்குத்தான் கட்டியிருக்கும்.

மலர்விழி:
எதையும் ஊர் மேல் திணிக்கவில்லை ஐயா. நகராட்சியோ கவுண்டியோ (நம் மாவட்டம் மாதிரி) பள்ளி வாரியமோ விண்ணப்பித்தால்தான் வேலை தொடங்கும். பொருளிலும் கருவியிலும் உள்ளூர் பங்கு உண்டு. 1939இல் அந்தப் பங்கு 25 சதவீதம் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். எதுவும் கொடுக்காமல் வாங்கிக்கொண்ட ஊர் மாதிரி பேசாதீர்கள்.

அதே சட்டத்தில் இன்னொரு விதியும் வந்தது: தொடர்ந்து 18 மாதம் வேலை பார்த்தவரை நீக்க வேண்டும். இவர்கள் சுகம் கண்டு உட்கார்ந்துவிட்டார்கள், வெளியே தள்ளினால் தனியார் வேலைக்குப் போவார்கள் என்பதுதான் வாதம். லட்சக்கணக்கானவர்களை வெளியே அனுப்பினார்கள். பெரும்பாலோருக்கு எந்தத் தனியார் வேலையும் கிடைக்கவில்லை. தொழில் வளர வேண்டும் என்கிறீர்களே, அப்போது ஆள் எடுக்கக் காத்திருந்த தொழில் எங்கே?

செந்தூரன்:
ஓட்டு அரசியல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பத்திரிகையில் எழுதினார்கள், செனட்டில் விசாரித்தார்கள், அடுத்த ஆண்டே சட்டம் போட்டார்கள். அதைக் காட்டித் திட்டமே கூடாது என்று சொல்ல முடியாது.

தெற்குவாசல் சொன்ன அநியாயம் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அதிலிருந்து கணக்குப்பிள்ளை சார் எடுக்கும் முடிவு தலைகீழ். பருத்திக் காலத்தில் ஆளை வயலுக்குத் துரத்தியது யார்? உள்ளூர்ப் பண்ணைக்காரர்களும் அவர்கள் சொல்லைக் கேட்ட உள்ளூர் அலுவலர்களும். குளத்துக்கு மண் போட்டது யார்? அந்தந்த ஊர் நிர்வாகம். இதே காலத்தில் ஹாரல்ட் இக்கஸ் தலைமையில் பிடபிள்யூஏ என்ற இன்னொரு அமைப்பு ஒப்பந்தக்காரர்கள் மூலம் பள்ளிகளையும் நீதிமன்றங்களையும் கட்டியது. மூன்றே மூன்று கவுண்டிகள் தவிர நாடு முழுக்க அதன் வேலை நடந்தது. அதன் வீட்டுத் திட்டங்களில், அந்த ஊர்த் தொழிலாளர்களில் கறுப்பினத்தவர் எவ்வளவோ அந்த அளவுக்குச் சம்பளப் பட்டியலிலும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அப்படி எழுதிய இடங்களில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. ஊர் தன் பணத்தில், தன் விருப்பத்துக்குக் கட்டியிருந்தால் சரியாக இருந்திருக்கும் என்கிறீர்கள் சார். 1935இல் மிசிசிப்பியில் ஓர் ஊர் தன் விருப்பத்துக்குக் கட்டியிருந்தால் யாருக்கு வேலை கொடுத்திருக்கும், யார் தெருவில் கழிப்பறை வைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.