பழைய கேம்களின் டிஜிட்டல் விலை ஏன் இறங்குவதே இல்லை?

வெள்ளவத்தை_ஸ்விட்ச்:
ஸ்விட்ச் கொன்சோலுக்கு மரியோ கார்ட் 8 டீலக்ஸ் வந்தது 2017 ஏப்ரலில். நின்டெண்டோவின் இணையக் கடையான ஈஷொப்பில் அதன் அமெரிக்க விலை இன்றும் 59.99 டொலர். 2012இல் வந்த பிளாக் ஒப்ஸ் 2, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் பல வருடமாக அதே 59.99இல் நின்றது. டிஸ்க் அச்சடிக்கும் செலவில்லை, பெட்டி இல்லை, கப்பல் கூலி இல்லை, நடுவில் கடைக்காரரும் இல்லை. பம்பலப்பிட்டியில் பாவித்த பிஎஸ்4 டிஸ்க் போகிற விலையைப் பார்த்தால், டிஜிட்டல் அதைவிட மலிவாக அல்லவா இருக்க வேண்டும்? காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இங்கிருந்து வாங்குகிறவர் என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்து.

அலுமாரிக்_கணக்கு:
கடையில் டிஸ்க் விலை இறங்குவது கேம் பழசாகிவிட்டதால் அல்ல. அது அலுமாரியில் இடம் பிடிக்கிறது, கடைக்காரரின் காசு அதில் முடங்கிக் கிடக்கிறது. அடுத்த மாதம் வரும் புதுச் சரக்குக்கு இடம் வேண்டும், ஆகவே விலையைக் குறைத்துத் தள்ளிவிடுகிறார். விளையாடி முடித்தவர் தன் டிஸ்கைக் கொண்டுவந்து விற்கிறார், பக்கத்துக் கடைக்காரர் 500 ரூபா குறைத்துச் சொல்கிறார். விலையைக் கீழே இழுப்பவை இவைதான். டிஜிட்டலில் இவற்றில் ஒன்றுமே கிடையாது. சரக்கு தேங்காது, பாவித்த பிரதி என்று ஒன்று இல்லை, கொன்சோல் என்றால் விற்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். சோனி 2019 ஏப்ரல் 1 முதல் முழு கேம்களின் டவுன்லோட் கோடுகளைக் கடைகள் மூலம் விற்பதையும் நிறுத்தியது. பிளேஸ்டேஷனில் இருந்த கொஞ்சப் போட்டியும் அதோடு போனது.

நடுவில் ஆளில்லை என்பதும் சரியில்லை. ஸ்டீம் 30 வீதம் எடுக்கிறது. ஒரு கேமின் வருமானம் 1 கோடி டொலரைத் தாண்டினால் அதற்கு மேல் வருவதில் 25 வீதம், 5 கோடியைத் தாண்டினால் 20 வீதம்.

நின்டெண்டோவின் கணக்கு இன்னும் தெளிவு. பழைய வீ கொன்சோல் காலத்தில் "நின்டெண்டோ செலக்ட்ஸ்" என்ற வரிசையில் பழைய கேம்களை 19.99 டொலருக்கு விற்றார்கள். ஸ்விட்சுக்கு அப்படி ஒன்றைக் கொண்டுவரவே இல்லை. மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 6 கோடிப் பிரதிக்கு மேல் விற்றிருக்கிறது. புதிதாக ஸ்விட்ச் வாங்குகிறவர் அதோடு சேர்த்து இதையும் வாங்குகிறார். கேம் பழசு, ஆனால் வாங்குகிறவர் புதியவர். முழு விலைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும்போது யார் குறைப்பார்கள்?

கழிவு_பார்ப்பவன்:
மேலே சொன்னதோடு ஒன்று. ஸ்டீமில் போட்டிருக்கும் விலை, அவசரமாக வாங்குகிறவருக்கான விலை. மற்றவர்கள் எல்லாம் கழிவு விலையில்தான் வாங்குகிறார்கள், பதிப்பாளருக்கும் அது தெரியும். நிலையான விலையை 20 டொலருக்கு இறக்கினால் யாருக்கும் செய்தி போகாது. 60இலேயே வைத்து 67 வீதக் கழிவு கொடுத்தால் விலை ஏறக்குறைய அதே 20 டொலர்தான் (19.79). ஆனால் விஷ்லிஸ்டில் சேர்த்து வைத்த எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும், ஏனென்றால் 20 வீதமோ அதற்கு மேலோ கழிவு விட்டால்தான் ஸ்டீம் அதை அனுப்பும்.

ஒரு கழிவு முடிந்தால் அடுத்ததற்கு 30 நாள் இடைவெளி வேண்டும் என்பது ஸ்டீம் விதி. பருவகாலப் பெரிய மலிவுகளுக்கு மட்டும் விலக்கு. அதனால் ஜூன் கடைசி, டிசம்பர் கடைசி இரண்டையும் குறித்து வையுங்கள். வாங்குமுன் ஸ்டீம்டிபி தளத்தில் அந்த கேமின் விலை வரைபடத்தைத் திறந்து, இதுவரை வந்த ஆகக் குறைந்த விலை எது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்று பாருங்கள். ஸ்விட்ச் கேம்களுக்கு அதையே டெகு டீல்ஸ் தளத்தில் பாருங்கள். நின்டெண்டோவின் சொந்த கேம்களில் 30 வீதம் கண்டால் யோசிக்காமல் எடுக்கலாம், அதைவிடக் கூடிய கழிவு வருவது அபூர்வம்.

காத்திருந்தும் பயனில்லாத கேம்களும் உண்டு. ஃபக்டோரியோ கழிவே கொடுப்பதில்லை என்று அறிவித்த கேம். 2018இல் 20 டொலரிலிருந்து 30 ஆனது, 2023 ஜனவரியில் 35 ஆனது.

கார், பாட்டு உரிமம் உள்ள கேம்களில் வேறு ஆபத்து: உரிமம் முடிந்தால் கேமே கடையிலிருந்து போய்விடும். ஃபோர்சா ஹொரைசன் 4 விற்பனை 2024 டிசம்பர் 15இல் நின்றது. அலன் வேக் 2017 மே மாதம் பாட்டு உரிமம் முடிந்து கடையிலிருந்து நீங்கியது, நீங்குமுன் 90 வீதக் கழிவில் கொடுத்தார்கள். பிறகு 2018இல் திரும்ப வந்தது. "விற்பனை நிற்கப்போகிறது" என்ற அறிவிப்பைக் கண்டால் அந்த வாரமே முடிவெடுங்கள்.

கொட்டாஞ்சேனை_பிஎஸ்:
எங்கள் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2022 மார்ச் வரை டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது, 60 டொலர் கேம் 12,000 ரூபா. அந்த வருடம் மே மாதம் டொலர் 360ஐத் தொட்டது, அதே கேம் 21,600. இப்போது 300 என்று போட்டாலும் 18,000. அமெரிக்காவில் ஒரு சதம்கூட ஏறாத விலை இங்கே இப்படி ஏறியது. இதில் வங்கியின் மாற்றுக் கட்டணத்தையும் முத்திரை வரியையும் கூட்டுங்கள். அட்டைக்கு வங்கி போடும் டொலர் விலை, செய்தியில் சொல்லும் விலையைவிடக் கூட. முதலில் சின்ன கேம் ஒன்றை வாங்கி, வங்கிக் கூற்றில் எத்தனை ரூபா விழுந்தது என்று பார்த்து, டொலருக்கு எவ்வளவு போகிறது என்று வகுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீமில் இலங்கைக் கணக்குக்குத் தெற்காசிய டொலர் விலை காட்டும். ஆனால் குறைப்பதா இல்லையா என்பது பதிப்பாளர் கையில். ஸ்டீம்டிபி பட்டியலில் தெற்காசிய விலையையும் அமெரிக்க விலையையும் ஒப்பிட்டால், யார் குறைத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

பிளேஸ்டேஷனில் கணக்குத் திறக்கும்போது நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. வேறு நாட்டைத் தெரிவு செய்தால் பிறகு மாற்ற முடியாது, கிஃப்ட் கார்டும் அதே நாட்டுடையதாக இருக்க வேண்டும். பலர் தடுக்கிவிழுவது இங்கேதான்: பாவித்த டிஸ்கை மலிவாக எடுத்துவிட்டு, அந்த கேமின் மேலதிகப் பகுதியை (டிஎல்சி) டிஜிட்டலாகத் தன் அமெரிக்கக் கணக்கில் வாங்குவார்கள். டிஸ்க் ஐரோப்பியப் பதிப்பாக இருந்தால் அது வேலை செய்யாது. பெட்டியின் முன்பக்கக் கீழ் மூலையைப் பாருங்கள். வயதுக் குறி ஈ, டீ, எம் என்ற எழுத்தாக இருந்தால் அமெரிக்கப் பதிப்பு. 12, 16, 18 என்று எண்ணாக இருந்தால் பெரும்பாலும் ஐரோப்பியப் பதிப்பு.

வெள்ளவத்தை_ஸ்விட்ச்:
நன்றி அண்ணா. ஸ்விட்ச் கணக்கின் நாட்டை மாற்றலாமா?

கொட்டாஞ்சேனை_பிஎஸ்:
மாற்றலாம் தம்பி, ஆனால் கணக்கில் மீதிக் காசு இருந்தால் விடாது. அதனால் 50 டொலர் கார்டை முதலில் போட்டுவிட்டு கேம் தேடாதீர்கள். கேமைத் தெரிவு செய்து, விலையைப் பார்த்து, அதற்கு அளவான கார்டை வாங்குங்கள்.